செட்டுக்கும் செட்டுக்கும் நடுவில்

ஜிம்மில் எதற்குப் பாட்டு போடுகிறார்கள் என்று யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், அப்போதுதான் வெறி ஏறும், வெயிட்டும் ஏறும் என்பார்கள். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். தோளில் கனமான பார் உட்கார்ந்திருக்க, மூச்சை இழுத்து அடக்கி, வயிற்றை இறுக்கி, கீழே போய் மேலே வருகிற ஒருத்தருக்கு அந்த நேரத்தில் என்ன பாட்டு ஓடியது என்று தெரியவே தெரியாது. ஒருமுறை ஸ்குவாட் ரேக்கிலிருந்து வெளியே வந்து முழங்காலில் கையை ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒரு பையனிடம், "தம்பி, இப்ப ஓடுச்சே, அது புதுப் பாட்டா?" என்றேன். நிமிர்ந்து பார்த்து, "பாட்டு ஓடுச்சாண்ணா?" என்றான். ஸ்பீக்கர் அவன் தலைக்கு நேர் மேலே இருந்தது.

என்னைக் கேட்டால், ஜிம்மில் பாட்டு என்பது தூக்காமல் இருக்கிற நேரத்துக்குத்தான். அந்த நேரம் எவ்வளவு என்று கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒருமுறை கீழே போய் மேலே வந்தால் ஒரு ரெப், இடைவிடாமல் போடுகிற சில ரெப் சேர்ந்தால் ஒரு செட். 5 ரெப் வீதம் 5 செட் ஸ்குவாட். ஒரு ரெப்புக்கு 4 வினாடி என்றால் ஒரு செட்டுக்கு 20 வினாடி, ஐந்துக்கும் சேர்த்து 100 வினாடி. நடுவில் நான்கு இடைவெளி, ஒவ்வொன்றும் 3 நிமிடம், ஆக 12 நிமிடம். கிட்டத்தட்ட 14 நிமிடத்தில் நாம் உருப்படியாக உழைத்தது இரண்டு நிமிடம்கூட இல்லை. மீதி நேரம் பூராவும் சும்மா நிற்கிறோம். இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட முடியாது. தசைக்குள் சட்டென்று செலவழிக்கக் கிரியேட்டின் பாஸ்பேட் என்று ஒரு கையிருப்பு இருக்கிறது. பத்துப் பதினைந்து வினாடி முழுமூச்சாக உழைத்தாலே அதில் பெரும்பங்கு கரைந்துவிடும், திரும்ப நிரம்ப மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் பிடிக்கும். அதனால்தான் ரொம்பக் கனமாகத் தூக்குகிறவர்கள் ரொம்ப நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள். "அந்த ஆளு வந்ததுல இருந்து உக்காந்தேதான் இருக்காரு, தொடை மட்டும் எப்படி மாஸ்டர் அப்படி இருக்கு?" என்று புதிதாகச் சேர்ந்த ஒருவர் கேட்டதைக் காதால் கேட்டிருக்கிறேன்.

சரி, அந்த மூன்று நிமிடத்தை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் என்ன செய்வது? சுற்றிலும் கண்ணாடி. எங்கே திரும்பினாலும் நம் முகம், நம் வயிறு, நமக்குப் பின்னால் நிற்கிற முன்பின் தெரியாத ஒருத்தர். பேருந்து நிறுத்தத்திலோ வங்கி வரிசையிலோ காத்திருந்தால் யாரும் நம்மைப் பார்க்கப் போவதில்லை. இங்கே வியர்த்து, முகம் சிவந்து, டீ ஷர்ட் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும்போது காத்திருக்க வேண்டியிருக்கிறது. ஆளாளுக்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஒருத்தர் நடப்பார்; டம்பெல் ரேக்கின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை, எதையோ தேடுவது மாதிரி, எதையும் எடுக்காமல். இன்னொருத்தர் போனை எடுத்துவிட்டால் போச்சு, மூன்று நிமிடம் ஒன்பது நிமிடமாகும், அவர் உட்கார்ந்திருக்கிற பெஞ்சைச் சுற்றி இரண்டு பேர் நின்றுகொண்டிருப்பார்கள், அவருக்குத் தெரியாது. ஒரு அக்கா சின்ன நோட்டுப் புத்தகத்தில் பேனாவால் எழுதுவார், பார் எடை, ரெப், அடுத்த முறை எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று எல்லாம். அந்த ஜிம்மிலேயே மாதாமாதம் எடை கூட்டிக்கொண்டு போகிற ஆள் அவர்தான், யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அப்புறம் கைச்சட்டையை மடித்துவிட்டுக் கண்ணாடியில் கையைப் பார்க்கிற பையன்கள். இதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. செட் முடிந்த கையோடு ரத்தம் ஏறித் தசை புடைத்திருக்கும், அரை மணியில் வடிந்துவிடும். இருக்கும்போது பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே.

இத்தனை பேரும் ஒரே அறையில் சும்மா நிற்கிறார்கள். பாட்டு மட்டும் இல்லாவிட்டால் அது தாங்காது. எனக்கு இது தெரியும், ஏனென்றால் ஒரு வாரம் ஸ்பீக்கர் பழுதாகிக் கிடந்தது.

முதல் நாள் உள்ளே நுழைந்தபோதே ஏதோ சரியில்லை என்று தோன்றியது. பிளேட் இரும்பில் மோதுகிற சத்தம், ட்ரெட்மில்லில் யாரோ தொப் தொப்பென்று ஓடுகிற சத்தம், கேபிள் கப்பியின் கிறீச், இதெல்லாம் எப்போதும் இருப்பதுதான், ஆனால் தனித்தனியாக இப்படிக் காதில் விழுந்ததில்லை. அதைவிட மூச்சு. பக்கத்து பெஞ்சில் படுத்திருப்பவர் எட்டாவது ரெப்பில் விடுகிற முனகல் சபை நடுவே கேட்டால் எப்படி இருக்கும்? வழக்கமாக அரங்கமே அதிர "ஹா!" என்று கத்தி டெட்லிஃப்ட் போடுகிற ஒருவர் அன்று வாயே திறக்கவில்லை, இரண்டு பிளேட்டைக் குறைத்துக்கொண்டு சீக்கிரம் கிளம்பிவிட்டார். மெதுவாகப் பேசினாலும் எல்லாருக்கும் கேட்கிறது என்பதால் நண்பர்களாக வருகிறவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். தனியாக வருகிறவர்களோ பேச ஆரம்பித்துவிட்டார்கள். அதுவும் ஒரு வேடிக்கை. இத்தனை நாள் தலையாட்டலோடு நிறுத்திக்கொண்டவர்கள், அமைதி தாங்காமல், "உங்களுக்கு முட்டி வலியா சார், பெல்ட் மாதிரி கட்டியிருக்கீங்களே?" என்று ஆரம்பித்து ஆபரேஷன் வரைக்கும் கதை சொல்லிக்கொண்டார்கள். பாட்டு ஒரு திரைச்சீலையாக இருந்திருக்கிறது என்று அப்போதுதான் பட்டது. அதற்குப் பின்னால் நின்றுகொண்டு முனகலாம், எண்ணலாம், தோற்கலாம், தனக்குள் திட்டிக்கொள்ளலாம், யாருக்கும் தெரியாது.

ஸ்பீக்கர் சரியாகி வந்ததும் பழைய சண்டையும் திரும்பி வந்தது: புளூடூத் யார் போனில்? காலையில் மாஸ்டர் போன்தான். அவர் ரசனை ஒரு தினுசு. குத்துப்பாட்டு நான்கு, திடீரென்று ஒரு சோக மெலடி, மறுபடியும் குத்து. அந்த மெலடி ஓடும்போது கர்ல்ஸ் போட்டுக்கொண்டிருக்கிறவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும், யாரையோ பறிகொடுத்தவர்கள் மாதிரி டம்பெல்லைத் தூக்கி இறக்குவார்கள். சாயங்காலம் பசங்க ராஜ்யம். யார் முதலில் வந்து இணைத்துக்கொள்கிறார்களோ அவர்கள் பாட்டு, அடி வயிற்றில் இடிக்கிற பாஸ், புரியாத மொழியில் கோபமாக யாரோ கத்துவது. இன்னொருவன் வந்து அதைத் துண்டித்துத் தன் போனை இணைப்பான். பாட்டு நடுவில் அறுந்து, இயந்திரக் குரல் ஒன்று இணைப்பு கிடைத்ததாக அறிவிக்கும், எல்லாரும் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார்கள்.

இதில் ஆபத்தும் உண்டு. ஒருநாள் சாயங்காலம், கூட்டம் நெரிகிற நேரம், எவனுடைய போனோ இணைந்திருக்க, அவன் ஏதோ வாய்ஸ் மெசேஜைத் தட்டிவிட்டான். பாட்டு நின்றது. அரங்கம் முழுக்க ஒரு அம்மாவின் குரல்: "டேய், எங்கடா இருக்க? அப்பா கூப்ட்டா எடுக்க மாட்டியா நீ? வீட்டுக்கு வா, இருக்கு உனக்கு." ஒரு வினாடி யாரும் அசையவில்லை. பிறகு அந்த அறையில் இருந்த பாதிப் பேர் அனிச்சையாகத் தங்கள் போனை எடுத்துப் பார்த்தார்கள். யாருடைய அம்மா என்று கடைசி வரை தெரியவில்லை. யாருடைய அம்மாவாகவும் இருந்திருக்கலாம்.

பாட்டால் உழைப்பு கூடுகிறதா என்ற கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் மேலே பாதி நம்பிக்கை என்று சொன்னேன். மீதிப் பாதிக்கு ஆதாரம் இருக்கிறது, பழைய ஆதாரமே இருக்கிறது. 1911 இல் லெனார்ட் அயர்ஸ் என்பவர் நியூயார்க்கில் நடந்த ஆறு நாள் சைக்கிள் பந்தயத்தைப் பற்றி எழுதினார். பேண்டு வாசிக்கும்போது வீரர்களின் வேகம் மணிக்கு 19.6 மைல், வாசிக்காதபோது 17.9. ஆறு நாள் சைக்கிள் மிதிக்கிறவனுக்குப் பாட்டு நிச்சயம் உதவும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அது நீண்ட, ஒரே மாதிரியான, சலிப்பான வேலை. பிரிட்டனில் புரூனல் பல்கலைக்கழகத்தில் காஸ்டாஸ் கரகியோர்கிஸ் என்பவர் பல வருடமாக இதையே ஆராய்ந்தவர். அவரும் அவரோடு வேலை செய்தவர்களும் சொல்வதைச் சுருக்கினால் இப்படி வரும்: மிதமான உழைப்பில் பாட்டு களைப்பு உணர்வைக் குறைக்கும், உழைப்பு எல்லை மீறிப் போனால் உடம்பு போடுகிற கூச்சல் பாட்டை அமுக்கிவிடும், களைப்பு களைப்பாகவே தெரியும், ஆனால் அது கொஞ்சம் சகிக்கத்தக்கதாக இருக்கும். களைப்பை எண்ணால் சொல்வதற்கு சுவீடன் உளவியலாளர் குன்னர் போர்க் ஒரு அளவுகோல் செய்து வைத்தார், 6 இல் தொடங்கி 20 இல் முடியும். ஏன் 6? பத்தால் பெருக்கினால் தோராயமாக இதயத்துடிப்பு வர வேண்டும் என்று வைத்தது. 6 என்றால் 60, ஓய்வாக உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்த அளவுகோலில் 11, 12 என்று நிற்கிறவருக்குப் பாட்டு துணை. 18, 19 இல் இருக்கிறவரிடம் "பாட்டு ஓடுச்சா" என்றுதான் பதில் வரும்.

எங்கள் ஜிம்மிலேயே இதைக் கோடு போட்டுக் காட்டலாம். கண்ணாடி ஜன்னலோரம் ட்ரெட்மில் வரிசை, அங்கேதான் பாட்டு உண்மையில் வேலை செய்கிறது. வேகமாக நடக்கும்போது நிமிடத்துக்கு 120 அடி வாக்கில் வைப்போம். நடனப் பாட்டுகளில் பெரும்பாலானவை அந்த 120 இலிருந்து 140 தாளத்துக்குள்தான் ஓடுகின்றன. பாட்டு மாறும்போது வரிசையில் நடக்கிற நான்கு பேரின் காலும் தன்னால் ஒரே அடியில் விழ ஆரம்பிப்பதை நீங்களும் கவனித்துப் பாருங்கள், கொஞ்ச நேரம் அணிவகுப்பு மாதிரி இருக்கும், பிறகு யாராவது ஒருத்தர் அதை உணர்ந்து வெட்கப்பட்டு வேகத்தைக் குறைப்பார். ஓட்டக்காரர்களுக்கு இது தெரிந்த சங்கதி. எத்தியோப்பியாவின் ஹைலே கெப்ரசிலாசி 1998 இல் பர்மிங்காம் உள்ளரங்கில் 2000 மீட்டர் சாதனை ஓட்டம் ஓடியபோது தனக்குப் பிடித்த பாட்டை ஒலிபெருக்கியில் போடச் சொல்லி அதன் தாளத்துக்கு ஓடினார். பாட்டால் ஆதாயம் இருக்கிறது என்ற எண்ணம் அவ்வளவு வலுவாக இருந்ததால்தானோ என்னவோ, அமெரிக்கத் தடகள அமைப்பு 2007 இல் பந்தயங்களில் இயர்போனையே தடை செய்தது. பாதுகாப்பும் ஒரு காரணம். பிற்பாடு பரிசுக்கு ஓடுகிறவர்களுக்கு மட்டும் என்று தளர்த்திக்கொண்டார்கள்.

ட்ரெட்மில் வரிசையைத் தாண்டி பளு தூக்கும் பக்கம் வந்தால் தாளம் எடுபடாது. நிதானமாக இறக்கி நிதானமாக ஏற்ற வேண்டிய வெயிட்டை 130 தாளத்துக்குப் போட்டால் தோள்பட்டை போய்விடும். இங்கே ஆளை உசுப்பேற்றுவது வேறொன்று, அது பக்கத்தில் நிற்கிற ஆள். 1898 இலேயே நார்மன் டிரிப்லெட் என்ற உளவியலாளர், சைக்கிள் வீரர்கள் தனியாக ஓட்டும்போதைவிடக் கூட யாராவது ஓட்டும்போது வேகமாகப் போகிறார்கள் என்று பந்தயக் கணக்குகளை வைத்து எழுதினார். படுத்தபடி பாரைத் தூக்கி பெஞ்ச் பிரஸ் போடுகிறவரின் தலைமாட்டில் ஸ்பாட் கொடுக்க, அதாவது பார் மேலே விழாமல் தாங்கிக்கொள்ள, நிற்கிறவரைப் பாருங்கள். "விடு விடு, போ போ, இன்னும் ஒண்ணு, அவ்ளோதான், இன்னும் ஒண்ணு!" அவர் சொல்கிற கடைசி ஒன்று எப்போதும் கடைசி ஒன்றாக இருப்பதில்லை. பார் நடுவழியில் நடுங்கி நிற்கும்போது இரண்டு கையின் சுட்டு விரலை அடியில் கொடுப்பார். முடித்து எழுந்ததும், "நீங்கதான் சார் தூக்குனீங்க, நான் சும்மா விரல் வெச்சேன்" என்பார். அவர் முன்கையில் நரம்பு புடைத்திருக்கும். இரண்டு பேருக்கும் உண்மை தெரியும், இரண்டு பேரும் சொல்ல மாட்டார்கள். உலகத்தில் மிகக் குறைந்த செலவில் நடக்கிற உபகாரங்களில் இது ஒன்று என்று நினைக்கிறேன்.

இயர்போன் போட்டு வருகிறவர்கள் தனி ஜாதி, இப்போது அவர்கள்தான் அதிகம். மேலே ஸ்பீக்கர் ஒரு பாட்டு பாட, ஒவ்வொருத்தர் காதுக்குள்ளும் வேறொரு பாட்டு. கேட்பார் இல்லாத பாட்டுக்காகத்தான் பசங்க அப்படி அடித்துக்கொள்கிறார்கள் என்று நினைத்தால் சிரிப்பு வரும். இவர்களோடு பேசுவதற்கு ஒரு சைகை மொழியே இருக்கிறது. பெஞ்சை நோக்கி விரல் நீட்டிப் புருவத்தை உயர்த்தினால் "இன்னும் போடறீங்களா?" இரண்டு விரல் காட்டினால் இன்னும் இரண்டு செட் பாக்கி. உள்ளங்கையை விரித்து பெஞ்சின் பக்கம் காட்டினால் "எடுத்துக்கங்க". ஒரு காதிலிருந்து இயர்போனைக் கழற்றினால் பேசத் தயார் என்று அர்த்தம், இரண்டையும் கழற்றினால் ஒன்று நல்ல நண்பர், அல்லது சண்டை. 1979 இல் சோனி முதல் வாக்மேனை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதில் ஹெட்போன் மாட்ட இரண்டு துளை வைத்திருந்தார்கள். ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொத்தானும் இருந்தது, அதை அழுத்தினால் பாட்டு தணிந்து, மைக் வழியாகப் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கும். தனியாக ஒருத்தர் மட்டும் காதை மூடிக்கொண்டு கேட்பது மரியாதையாக இருக்காதோ என்று கம்பெனியே தயங்கிய காலம் அது. அடுத்தடுத்த மாடல்களில் அந்தப் பொத்தானை எடுத்துவிட்டார்கள், யாரும் அழுத்துவதாகக் காணோம்.

அதற்காக இயர்போன்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்த நோட்டுப் புத்தக அக்கா அதை மாட்டியிருப்பதே யாரும் வந்து "நீங்க பண்றது தப்பு மேடம், முதுகை இப்படி வெக்கணும்" என்று சொல்லித்தரக் கூடாது என்பதற்காகத்தான். மாஸ்டர் சொன்னால் கேட்டுக்கொள்வார். சேர்ந்து சில வாரமே ஆன, தன் வெயிட்டையே திரும்ப ரேக்கில் வைக்கத் தெரியாத ஆண்கள்தான் அவருக்குச் சொல்லித்தர வருவார்கள். ஒருநாள் ஒருவர் விடாமல் சைகை காட்டிக்கொண்டே இருக்க, அவர் ஒரு காதைக் கழற்றி, "சொல்லுங்க தம்பி" என்றார். அந்தத் தம்பிக்கு அவரைவிட வயது அதிகம். அதோடு நிறுத்திக்கொண்டார். இயர்போனில் என்ன கேட்கிறீர்கள் என்று ஒருமுறை நான் கேட்டபோது, பாட்டே இல்லை, சும்மா மாட்டியிருக்கிறேன் என்று சிரித்தார்.

கடைசியாக, சத்தத்தின் அளவு. இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனசில்லை. வேலையிடச் சத்தத்துக்கு அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் வைத்திருக்கிற பரிந்துரை 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல். அதற்கு மேல் 3 டெசிபல் கூடும்போதெல்லாம் பாதுகாப்பான நேரம் பாதியாகும்: 88 இல் 4 மணி, 91 இல் 2 மணி, 94 இல் ஒரு மணி, 100 இல் வெறும் 15 நிமிடம். சாயங்காலக் கூட்டத்தில் போனில் இருக்கிற ஆப்பை வைத்துப் பார்த்தால் முள் தொண்ணூறுகளில் ஆடிக்கொண்டிருந்தது. போன் ஆப் துல்லியமான கருவி இல்லை, தெரியும். ஒரு மணி நேரம் வந்து போகிற எனக்குப் பரவாயில்லை. காலையிலிருந்து ராத்திரி வரை அதே ஸ்பீக்கருக்குக் கீழே நிற்கிற மாஸ்டருக்கு? கொஞ்ச நாளாக அவரிடம் எதைச் சொன்னாலும் "என்ன சார்?" என்று இரண்டாம் முறை கேட்கிறார்.

இதை முதலில் எடுத்துச் சொன்னது நான் இல்லை, காலையில் வருகிற, ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். சைக்கிளில் உட்கார்ந்து நிதானமாக மிதித்துக்கொண்டு, ஓடுகிற பாட்டு எதுவாக இருந்தாலும் அதற்குத் தன் சொந்த வரிகளைப் போட்டு முணுமுணுப்பவர். அவர் மாஸ்டரைக் கூப்பிட்டு, "தம்பி, எனக்கு ஏற்கெனவே காது போச்சு, அதனால கவலை இல்ல. உனக்குப் போயிடும்ப்பா" என்றார். மாஸ்டர் அப்போது சிரித்தாலும் மறுநாள் ஆம்ப்ளிஃபயர் குமிழில் ஒரு இடத்தில் வெள்ளை டேப் ஒட்டி, இதற்கு மேல் திருப்பக் கூடாது என்று எழுதி வைத்துவிட்டார். இரண்டு நாள் தாங்கியது. அப்புறம் யாரோ அந்த டேப்பைப் பிய்த்து, கொஞ்சம் தள்ளி, அதே எழுத்தோடு அழகாக ஒட்டியிருந்தார்கள். மாஸ்டர் அதை அப்படியே விட்டுவிட்டுப் பழைய இடத்தில் புதிதாக ஒன்று ஒட்டினார். இப்போது அந்தக் குமிழைச் சுற்றி மூன்று டேப் இருக்கிறது, எல்லாவற்றிலும் இதற்கு மேல் திருப்பக் கூடாது என்று எழுதியிருக்கிறது, யார் முதலில் வருகிறார்களோ அவர்களுக்குப் பிடித்த டேப்பில் வைத்துக்கொள்கிறார்கள். நான் காலை நேரத்துக்கு மாறிக்கொண்டேன்.